திரைக்கு வராத நாயகன்

காட்டுயிர் ஆவணப்படம் என்றால் புலி வரும். விண்வெளி பற்றியது என்றால் சனிக்கோளின் வளையமாவது வரும். துகள் இயற்பியல் ஆராய்ச்சி பற்றிய ஆவணப்படத்தில் மட்டும் நாயகன் கடைசிவரை திரைக்கே வருவதில்லை. மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதற்கான விளக்கத்தோடு பிணைந்த ஹிக்ஸ் போசான் என்ற துகள், தோன்றிய கணத்திலேயே வேறு துகள்களாகச் சிதைந்துவிடுவதால், கருவிகளுக்குக் கிடைப்பதும் அதன் தடயங்கள் மட்டுமே. அப்படியிருந்தும் இத்தகைய படங்களை நான் தேடித் தேடிப் பார்ப்பதற்குக் காரணம், காட்டுவதற்கு வேறொன்றும் இல்லாததால் கேமரா மனித முகங்களின் பக்கம் திரும்பிவிடுவதுதான் என்று நினைக்கிறேன்.

ஹிக்ஸ் போசானைத் தேடிய கதையைச் சொல்லி 2013இல் வெளிவந்த ‘பார்ட்டிக்கிள் ஃபீவர்’ படத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதை இயக்கிய மார்க் லெவின்சன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜெனீவா அருகே, நிலத்துக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் செர்ன் ஆய்வகம் அமைத்த மோதுவியில் (துகள்களை வேகமாகச் செலுத்தி மோதவிடும் எந்திரத்தில்), 2008 செப்டம்பர் 10 அன்று புரோட்டான் கற்றை முதன்முறையாகச் சுற்றி வருகிறது, அறையே ஆர்ப்பரிக்கிறது. ஒன்பதே நாளில் காந்தங்களுக்கிடையிலான மின் இணைப்பு ஒன்று பழுதாகி, டன் கணக்கில் ஹீலியம் வெளியேறி, எந்திரம் ஓராண்டுக்கு மேல் முடங்கிப்போகிறது. படம் எடுப்பவர்களுக்கும் அப்போது முடிவு தெரியாது. அமெரிக்காவின் டெக்சாஸில் இருபது கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் தோண்டிய பிறகு, 1993இல் இதைவிடப் பெரிய மோதுவித் திட்டம் ஒன்று கைவிடப்பட்டதை அறிந்தவர்களுக்கு முடங்கிய எந்திரத்தின் அந்த மௌனத்தின் கனம் விளங்கும்.

என்னை மிகவும் கட்டிப்போட்டது கோட்பாட்டாளர்களின் நிலைமைதான். ஹிக்ஸ் துகளின் நிறை 115 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டை (துகள்களின் நிறையை அளக்கும் அலகு) ஒட்டி அமைந்தால், அறிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு கூட்டாளித் துகள் உண்டு என்னும் மீச்சீர்மைக் கோட்பாட்டுக்கு வலுச்சேரும், 140ஐ ஒட்டி அமைந்தால், நம் அண்டம் பலவற்றில் ஒன்றே என்னும் பல்லண்டக் கருத்தின் கை ஓங்கும் என்று அவர்கள் காத்திருக்க, வந்ததோ ஏறத்தாழ 125. பல பத்தாண்டு உழைப்பை ஒரே எண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த எண் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றுவிடும்போது ஒருவர் முகத்தில் தோன்றும் சிரிப்பை எந்த நடிகராலும் நடித்துக் காட்ட முடியாது. 2012 ஜூலை 4 அன்று, இப்படியொரு துகள் இருக்கும் என்று தாம் 1964இல் எழுதியது மெய்யானதைக் கேட்டு, 83 வயது பீட்டர் ஹிக்ஸ் கண்களைத் துடைத்துக்கொள்கிறார். அரங்கம் முழுதும் கைதட்டியது அத்துகளின் அடையாளமாக ஒரு வரைபடக் கோட்டில் தெரிந்த சிறிய மேட்டுக்காக!

இவ்வகைப் படங்கள் எல்லாமே இத்தரத்தில் இருப்பதில்லை. வண்ணக் கோலிக்குண்டுகள் மோதி வெடிக்கும் வரைகலையும், ஹிக்ஸ் போசானைக் ‘கடவுள் துகள்’ என்று அடித்தொண்டையில் முழங்கும் குரலும் வந்தால் நான் அணைத்துவிடுவேன். அந்தப் பெயரைப் பெரும்பாலான இயற்பியலாளர்களே விரும்புவதில்லை.

2012க்குப் பிறகு அதே மோதுவியில் எதிர்பார்த்த மீச்சீர்மைத் துகள்கள் எவையும் தென்படவில்லை. கைதட்டலே இல்லாத அந்த ஆண்டுகளைப் பற்றி யாராவது பொறுமையாக ஒரு படம் எடுத்தால், முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.