படத்தை எடுக்கத் தெரிகிறது, முறைப்பாட்டை வாசிக்கத் தெரியாதா?

"எழுதி என்ன ஆகப்போகிறது? அவங்களா இதையெல்லாம் வாசிக்கப்போறாங்க?"

மலைநாட்டுக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் கம்பனிக்கு நாங்கள் எழுதும் முறைப்பாடுகளைப் பற்றிய இந்த ஒரு பேச்சைக் கேட்டுக் கேட்டே எனக்குக் காது புளித்துவிட்டது. வீட்டில் சொல்கிறார்கள், வேலை செய்யும் இடத்தில் சொல்கிறார்கள், எங்கள் முகநூல் குழுவிலேயே பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். கம்பனிக்காரர்கள் வாசிக்கிறார்கள் ஐயா! நன்றாகவே வாசிக்கிறார்கள். என் வயிற்றெரிச்சலே அதுதான். தெரியாமல் ஒரு தவறு நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பவர்களை என்ன செய்வது?

நாங்கள் ஒரு சின்னக் கூட்டம். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, பண்டாரவளை என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம். ரோலர் கோஸ்டர், ராட்டினம், தீம் பார்க் என்றால் எங்களுக்கு உயிர். அமெரிக்காவில் சிடார் பொயின்ட் பூங்காவில் 2000ஆம் ஆண்டு 310 அடி உயரத்தில் மில்லேனியம் போர்ஸ் என்ற கோஸ்டரைத் திறந்தார்களே, அதன் ஒவ்வொரு வளைவும் எங்களில் சிலருக்கு மனப்பாடம். நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை, எல்லாம் போனில் பார்த்ததுதான். அப்படிப்பட்டவர்களுக்கு, நம் மலைநாட்டிலேயே ஒரு கேளிக்கைப் பூங்கா வருகிறது என்றால் எப்படி இருந்திருக்கும்? பெயரைச் சொல்லவில்லை. முதல் ஆட்களாகப் போய்ப் படம் எடுத்துப் போட்டது நாங்கள். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று எழுதியது நாங்கள். "பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா, சாப்பாடு கொண்டுபோக விடுவாங்களா" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னதும் நாங்கள்தான். கம்பனியிடம் கேட்டால் "இன்பாக்ஸ் பாருங்க" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. டிக்கட் விலையைக்கூட வெளியில் எழுத மாட்டார்கள். வாங்குகிற காசைச் சொல்வதற்கு என்ன வெட்கம்?

சரி, கம்பனி எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு படத்தின் கதையைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் தலவாக்கலைத் தம்பி ஒருவர் இருக்கிறார். விடியவே போய் நின்று, பனி விலகுகிற நேரம் பார்த்து, ராட்டினத்துக்குப் பின்னால் தேயிலை மலை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தார். அருமையான படம். மூலையில் சின்னதாகத் தன் பெயரையும் போட்டிருந்தார். கொஞ்ச நாளில் அதே படம் கம்பனியின் பக்கத்தில் வந்தது. பெயர் இருந்த மூலையை மட்டும் வெட்டியிருந்தார்கள். மேலே மஞ்சள் எழுத்தில் சீசன் தள்ளுபடி விளம்பரம். தம்பி மரியாதையாகத்தான் கேட்டார்: "சேர், படம் என்னுடையது. பெயரை மட்டும் போட்டுவிடுங்க." பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பெயரும் வரவில்லை.

அந்தப் படத்துக்கு மேலேயும் கீழேயும் எங்கள் குழுவில் என்ன இருந்தது தெரியுமா? முறைப்பாடுகள். பனிமூட்டம் பற்றி, சவாரிக்கு ஏறும் பிள்ளைகளின் உயரத்தை அளக்கும் பலகை பற்றி, படங்களோடு விளக்கமாக எழுதியவை. அவற்றைத் தாண்டாமல் அந்தப் படத்துக்கு யாரும் வந்திருக்க முடியாது.

பனிமூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர். இந்தப் பக்கத்தில் பனி எப்போது இறங்கும், எப்போது விலகும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. பனி இறங்கினால், கம்பியில் தொங்கிப் போகிற சிப்லைனை நிறுத்தத்தான் வேண்டும். காற்று அடித்தால் ராட்டினத்தை நிறுத்தத்தான் வேண்டும். அதை யாரும் குறை சொல்லவில்லை. நிறுத்தினால் காலையில் ஒரு வரி போடுங்கள், இல்லாவிட்டால் டிக்கட் கொடுக்கும் முன்னாலாவது வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றுதான் கேட்டோம். இவர்கள் முழுக் காசையும் வாங்கி உள்ளே விட்ட பிறகுதான் "இன்றைக்கு இது ஓடாது, அது ஓடாது" என்கிறார்கள். காசைத் திருப்பிக் கேட்டால் டிக்கட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.

அங்கே வருகிறவர்கள் யார்? மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் மூன்று நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து வருகிற சனங்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா ஆனதே 2021இல்தான். அந்த ஆயிரத்துக்கு எத்தனை வருடம் ரோட்டில் நின்றார்கள்! 2024இல் அது 1350 ஆனது. இந்தப் பூங்காவில் ஒரு பெரிய ஆளுக்கான டிக்கட்டே அந்த நாட்சம்பளத்தைத் தாண்டுகிறது. அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று சேர்த்த காசைக் கொடுத்துவிட்டு, ஓடாத ராட்டினத்துக்குக் கீழே குடும்பமாக உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

அடுத்தது உயரப் பலகை. இது என் கண்முன்னால் நடந்தது. ஒரு அம்மா, இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வயது மகன். நீளமான வரிசை. வெயிலும் தூறலும் மாறி மாறி அடிக்க நின்று, ஒரு வழியாக முன்னுக்கு வந்தார்கள். வாசலில் நின்றவர் பையனைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். பையனின் தலைக்கும் கோட்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி. பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, தமிழ் இல்லை. பாதிக்கு மேல் தமிழர்கள் வாழும் நுவரெலியா மாவட்டத்தின் சனங்கள் வந்து போகிற இடத்தில் தமிழ் இல்லை! அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள், பையன் அழத் தொடங்கினான், அவர் தானே ஏதோ குற்றம் செய்தவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

டிக்கட் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகை வைத்து, நாலு சொல் தமிழில் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா? ஒரு பலகையும் ஒரு டின் பெயின்டும், வேறென்ன செலவு? இதைத்தான் எழுதினோம். அவர்களுடைய பக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்டோம். மறுநாளே அது காணாமல் போனது. வாசிக்காமலா அழித்தார்கள்?

உலகத்துப் பெரிய கம்பனிகள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவை ரசிகர்களை எப்படிக் கவனிக்கின்றன என்று பார்த்தால் இவர்களின் கணக்கும் விளங்கும். 2007இல் அமெரிக்காவின் ஒர்லாண்டோவிலுள்ள யுனிவர்சல் பூங்கா, ஹரி பொட்டர் பகுதியைக் கட்டப்போகும் விபரத்தை ஏழே ஏழு ரசிகர்களைக் கூப்பிட்டுத்தான் முதலில் சொன்னது. அந்த ஏழு பேரும் ரசிகர் தளங்களில் பெயரெடுத்தவர்கள். அவர்கள் வாய்வழியாகவே செய்தி உலகமெங்கும் பரவியது. 2010 ஜூனில் திறந்தபோது கூட்டம் அலைமோதியது. ரசிகனின் வாய்க்கு என்ன பெறுமதி என்று அவர்களுக்கு அப்போதே தெரியும்.

டிஸ்னியின் எப்கொட் பூங்காவில் பிக்மென்ட் என்று ஊதா நிறக் குட்டி டிராகன் ஒன்று. 1983இல் வந்த சவாரி. 1999இல் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி அதைக் கிட்டத்தட்டத் தூக்கியே எறிந்தார்கள். ரசிகர்கள் விடவில்லை, 2002இல் பிக்மென்ட் திரும்பி வந்தது. ஆனால் அதே டிஸ்னி, புளோரிடாவில் மிஸ்டர் டோட் என்ற தேரையின் சவாரியை மூடப்போகிறது என்று தெரிந்ததும் ரசிகர்கள் பச்சை டீசேர்ட் போட்டுக்கொண்டு பூங்காவுக்குள்ளேயே கூடினார்கள், தபாலட்டை அனுப்பினார்கள், இணையத்தில் கதறினார்கள். 1998 செப்டெம்பர் 7 மூடியே விட்டார்கள். அந்த இடத்துக்கு வின்னி த பூ என்ற கரடியின் சவாரி வந்தது. கரடிப் பொம்மை விற்கிற அளவுக்குத் தேரைப் பொம்மை விற்காது. என்னைக் கேட்டால் விஷயம் அவ்வளவுதான்.

இன்னொன்று. டிஸ்னியில் 1999இலிருந்து வரிசையைக் குறைக்கும் சீட்டு சும்மா கிடைத்தது. 2021இல் அதற்குக் காசு என்றார்கள், புளோரிடாவில் தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டொலர். ரசிகர்கள் இரண்டு விஷயத்துக்குக் கொதித்தார்கள். ஒன்று காசு. மற்றது, லீவு நாளில் காலை 7 மணிக்கே எழும்பிப் போனை நோண்ட வேண்டியிருந்தது. 2024இல் முன்கூட்டியே பதிவு செய்யும் வசதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். காசு வாங்குவதை நிறுத்தினார்களா? இல்லை! ஒரு காது திறக்கிறது, மற்றக் காது அடைத்துக்கொள்கிறது.

"அவங்க பெரிய கம்பனி, இங்க அதெல்லாம் நடக்குமா" என்று யாரும் வராதீர்கள். அமெரிக்காவின் இந்தியானாவில் சாண்டா க்ளோஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஹொலிடே வேர்ல்ட் என்ற பூங்காவை ஒரு குடும்பம் நடத்துகிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து குளிர்பானம் இலவசம். கோஸ்டர் ரசிகர்களுக்கென்றே வருடா வருடம் இரவில் பூங்காவைத் திறந்துவிட்டு வரவேற்கிறார்கள். அட, வோல்ட் டிஸ்னியே 1955இல் திறந்த தன் பூங்காவில், தீயணைப்பு நிலையத்துக்கு மேலே ஓர் அறை வைத்துத் தங்கினார். சனங்களோடு வரிசையில் நின்று பார்த்தார். எங்கள் கம்பனி முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த உயரப் பலகைக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் நின்றால் போதும், நாங்கள் எழுதவே தேவையில்லை.

நம்மவர்களிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது. "சும்மா இருங்கப்பா, நம்மூருக்கு வந்ததே பெருசு" என்கிறீர்கள். இனாமாகவா உள்ளே விட்டார்கள்? காசை எண்ணி வாங்கினார்கள். காசு கொடுத்த இடத்தில் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டே நாம் பழகிவிட்டோம்.

குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். இனிமேல் எங்கள் படம் எதிலும் பெயர் மூலையில் இருக்காது, நடுவில்தான் இருக்கும். அந்தப் பலகையில் தமிழ் வரும்வரை, நாங்கள் போடும் ஒவ்வொரு படத்தோடும் பலகையின் படமும் வரும். அப்புறம், ஏப்ரல் சீசன் தொடங்கும் நாளிலிருந்து பூங்காவுக்குப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் எங்கள் ஆட்கள் தினமும் விடியவே மலையைப் பார்த்துவிட்டு எழுதுவார்கள். பனி இறங்கியிருந்தால், "இன்றைக்கு வேனை எடுக்காதீர்கள், காசை வீணாக்காதீர்கள்" என்றே எழுதுவார்கள். மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புவோம். அந்த வரியையாவது கம்பனி வாசிக்கிறதா இல்லையா என்று பார்க்கிறோம்.