பெரியப்பாவுக்கு வேண்டியது 4கே இல்லை, பயிரின் நிறம்

"சாதாரண ஜனங்களுக்கு டிவியில் படம் எப்படித் தெரிந்தால் என்ன, கதை ஓடினால் போதும்" என்று அடிக்கடி யாராவது எழுதுகிறார்கள். எச்டி, அதைவிடப் புள்ளிகள் கூடிய 4கே என்று படத்தைத் துல்லியமாகக் காட்டும் முறைகள் எல்லாம் காசுள்ளவர்களின் கவலையாம். எனக்கு இது ஒப்பவே இல்லை. மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் டிவி பார்ப்பவர்களை வைத்துச் சொல்கிறேன். படம் மோசமாக வந்தால் அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது, உறுத்துகிறது. ஆனால் அவர்களுக்கு உறுத்துகிற குறைகள் எதுவும் டிவிப் பெட்டியின் அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்களில் இல்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. போன வருஷம் அவர் மகன் 43 இஞ்ச் 4கே டிவி வாங்கி மாட்டினான். சம்பா பயிரில் வரும் நோய்களைப் பற்றி ஒரு சேனலில் வேளாண் அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். பெரியப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது என்ன ரகம்டா தம்பி, இப்படி ஒரு பச்சை?" என்று என்னிடம் கேட்டார். அதிகாரி பேசிக்கொண்டிருந்ததோ தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்து வெளுத்துப்போன பயிரைப் பற்றி! திரையில் அது கிளிப்பச்சையாக மின்னியது.

ரிமோட்டை வாங்கிப் பார்த்தேன். பிக்சர் மோட் 'விவிட்' என்பதில் இருந்தது. கடையின் விளக்கு வெளிச்சத்தில், பக்கத்து டிவியைவிடப் பளிச்சென்று தெரிவதற்காக உள்ள அமைப்பு அது. நிறத்தை ஏற்றிவிடும், முகமெல்லாம் ஆரஞ்சாகும். அதை 'சினிமா'வுக்கு மாற்றியதும் பயிரின் நுனி மஞ்சளாகத் தெரிந்தது. "ஆங், இப்ப சொல்லு, யூரியா பத்தாது" என்றார் பெரியப்பா.

நெல்லுக்குத் தழைச்சத்து போடலாமா என்று பார்க்க இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. இலையை அட்டையில் உள்ள, எண் போட்ட பச்சைப் பட்டைகளோடு வைத்து ஒப்பிடவேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு நிறம் 3-க்குக் கீழே, மற்ற ரகங்களுக்கு 4-க்குக் கீழே போனால் உரம் போடச் சொல்வார்கள். வெயில் பட்டால் நிறம் மாறித் தெரியும் என்பதால் நம் உடம்பு நிழலில் வைத்துப் பார்க்கவேண்டும். பச்சையிலேயே இத்தனை படி பிரித்துப் பார்க்கிற மனிதர்களிடம் போய் "உங்களுக்கு நிறம் முக்கியமில்லை" என்று சொன்னால் எப்படி?

அடுத்தது எழுத்து. ஜூன் நெருங்கினால் எங்கள் ஊரில் செய்தி சேனலின் கீழே ஓடும் வரிக்கு இருக்கும் மரியாதை செய்தி வாசிப்பவருக்குக்கூட இருக்காது. மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, ஜூன் 12-ல் திறப்பார்களா? குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்பதே அந்த எண்ணில் இருக்கிறது. எச்டி அல்லாத சாதா சேனலில், அழுத்திச் சுருக்கி அனுப்பிய படத்தில், ஓடுகிற எழுத்து முதலில் கலங்கும். 86-ஆ 88-ஆ என்று திண்ணையில் வாக்குவாதமே நடக்கும். கண்புரை ஆரம்பித்தவர்கள் பாடு இன்னும் கஷ்டம். புரை வந்த கண்ணுக்குப் பின்னணியிலிருந்து எழுத்து பிரிந்து தெரியவேண்டும். மஞ்சள் பட்டையில் வெள்ளை எழுத்தை ஓடவிட்டால், எச்டியோ 4கேயோ, ஒரு பலனும் இல்லை.

இவர்கள் இன்று நேற்று படத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தவர்கள் இல்லை. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் ஒரு காலத்தில் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சியைப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். படம் எப்படி இருந்தாலும் சரி என்று நினைப்பவன் ஓட்டின்மேல் ஏறிக் குழாயைத் திருப்பிக்கொண்டிருக்க மாட்டான்.

சரி, 4கே விஷயத்துக்கு வருகிறேன். சாதா ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 720 × 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம். 4கே திரையில் இருப்பது சுமார் 83 லட்சம். சாதா சேனலை அதில் போட்டால், திரையில் தெரியும் 20 புள்ளிகளில் 19 டிவி தானே ஊகித்து நிரப்பியது. முகம் மெழுகு பூசினாற்போல் தெரிவது இதனால்தான். நல்ல எச்டி படமே வந்தாலும், 43 இஞ்ச் திரையில் ஒரு எச்டி புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர். பத்தடி தள்ளிக் கூடத்தில் உட்கார்ந்தால் சாதாரணக் கண் பிரித்துப் பார்க்கக்கூடியது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் வரைதான். அதற்குமேல் எத்தனை புள்ளி சேர்த்தாலும் அந்த நாற்காலிக்கு வந்து சேராது. சாதாவிலிருந்து எச்டிக்கு மாறினால் பெரிய வித்தியாசம். கிரிக்கெட் பார்ப்பவரைக் கேளுங்கள், பந்து தெரிகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். எச்டியிலிருந்து 4கேக்கு மாறுவது, நம் வீட்டுக் கூடத்தில், அநேகமாக ஒன்றுமில்லை.

இதைவிட என்னை வருத்துவது வேறு. புது டிவி வாங்கிய எத்தனையோ வீடுகளில் செட்டாப் பாக்ஸிலிருந்து இன்னும் அந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் ஒயர்தான் போகிறது. பாக்ஸில் எச்டி படத்தைக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தும் யாரும் சொல்லித் தரவில்லை. படம் பக்கவாட்டில் இழுபட்டு எல்லார் முகமும் அகலமாகத் தெரியும். 2020 பிப்ரவரி 5-ல் பெரிய கோயில் குடமுழுக்கு. தஞ்சாவூர் போக முடியாமல் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் வீட்டிலேயே டிவி முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு உயர விமானம் திரையில் குட்டையாக, அகலமாக நின்றது. "கோபுரம் ஏன்டா உக்காந்துட்டு?" என்று பாட்டி கேட்டதை நான் மறக்கவில்லை. ரிமோட்டில் இரண்டு பொத்தான் அழுத்தியிருந்தால் சரியாகியிருக்கும்.

எல்லாருக்கும் எல்லா நேரமும் படம் முக்கியம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் அத்தை அடுப்படியில் நின்றபடியே சீரியல் பார்க்கிறார், காதால். அவருக்கு வசனம் தெளிவாகக் கேட்டால் போதும். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பின்பக்கமோ அடிப்பக்கமோ போய்விட்டதால் அதற்கும் திண்டாட்டம்தான்.

எச்டி கொடுப்பதிலும் நியாயம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டண முறையில், அடிப்படைக் கட்டணத்துக்கான சேனல் எண்ணிக்கையில் ஒரு எச்டி சேனல் இரண்டு சாதா சேனலாகக் கணக்கிடப்பட்டது. சேனல் விலையும் தனியாகக் கூடுதல். மாதக் கட்டணத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் வீட்டில் எச்டியைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டிவிட்டார்களே, அப்படியானால் அவர்களுக்குத் தரம் முக்கியமில்லை என்று அதையே சாட்சியாகக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பலர் பெரிய திரைக்கு மாறுவார்கள். வாங்கப் போகிறவர்கள், கடையில் ஓடும் டெமோ வீடியோவை நிறுத்திவிட்டுச் சாதாரண கேபிள் இணைப்பைப் போடச் சொல்லுங்கள். பத்தடி தள்ளி நின்று கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் பாருங்கள். கூடவே வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள், அவர் படிக்கட்டும். அப்புறம் செய்தி சேனல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜூன், ஜூலையிலாவது மேட்டூர் எண்களை ஓடவிடாமல், கறுப்புப் பட்டையில் பெரிய வெள்ளை எழுத்தில், அரை நிமிஷம் நிறுத்திக் காட்டுங்கள்.