பல ஊரா, ஒரே இடமா?

ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைகள் சிலர், லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கமான ரிபா (RIBA), நார்மன் ஃபாஸ்டர் என்ற கட்டடக் கலைஞர் பெயரில் தரும் பயண உதவித்தொகைக்கு என்ன தலைப்பில் எழுதலாம் என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். 7,000 பவுண்டு, நம்ம காசுக்கு ஏழெட்டு லட்சம். கேட்கத்தான் செய்வார்கள்.

2011இல் மும்பை மாணவர் ஒருவர் எட்டு மாநகரங்களின் கழிப்பிட வசதியைப் பார்த்துவர இதைப் பெற்றார். அடுத்த ஆண்டு எடின்பரோ மாணவர் ஒருவர், ஆப்பிரிக்கக் குடிசைப் பகுதிகளில் கழிவுப் பொருள்கள் எப்படி மறுபடி புழக்கத்துக்கு வருகின்றன என்று பார்க்க, கெய்ரோவிலிருந்து தெற்கே ஜோகன்னஸ்பர்க் வரை போனார். கண்ணாடிக் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கப் பறக்காமல் இந்த இடங்களைத் தேடிப் போனதே பெரிய விஷயம். தலைப்புகளில் எனக்குக் குறையே இல்லை. ஊர் எண்ணிக்கைதான் உறுத்துகிறது. ஊர் கூடக்கூட, ஒவ்வோர் ஊரிலும் தங்கும் நாள் குறையும்.

பட்டா இல்லாத இடத்தில் வீடு ஒரே மூச்சில் எழும்பாது. கையில் காசு புரளும்போது ஒரு சுவர், மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஓர் அறை. பத்து நாள் தங்குபவருக்கு அதன் ஒரு நிலைதான் தெரியும். மும்பை தாராவியில் குயவர்கள் வாழும் கும்பார்வாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். குயவர் வீடு தெருவிலிருந்து பின்னால் சூளை முற்றம் வரை நீளமாக ஓடும். முன்னால் வியாபாரம், நடுவில் குடும்பம், பின்னால் புகை. டிசம்பரில் போனால் அழகான படம் கிடைக்கும். ஜூலையில் பானை காயாது, கூரைமேல் தார்ப்பாய், காயாத சரக்கும் ஆளும் ஒரே அறைக்குள். அந்த வீட்டின் பிளான் ஏன் அப்படி இருக்கிறது என்று அப்போதுதான் புரியும்.

ஒரே இடத்தில் தங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சியின் குடிசைப் பகுதியான ஒராங்கியைப் பாருங்கள். சமூக சேவகர் அக்தர் ஹமீத் கான் 1980இல் அங்கே போனபோது கையில் திட்டம் எதுவும் வைத்திருக்கவில்லை. நடந்தார், பேசினார், கேட்டார். சாக்கடைதான் முதல் தலைவலி என்று தெரிந்தது. சந்துக்கு 20, 30 வீடு. வீட்டுக்காரர்களே பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, காசு போட்டு, குழாய் பதித்தார்கள். மேன்ஹோலை இரும்பு அச்சு வைத்து அங்கேயே வார்த்தார்கள். காண்ட்ராக்டர் இல்லை, கமிஷனும் இல்லை. செலவு அரசு மதிப்பீட்டில் சிறு பங்காக இறங்கியது. பெரிய கால்வாய் மட்டும் அரசு பாடு.

அங்கே வேலை செய்த கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான், பகுதிப் பிள்ளைகளுக்கே சர்வே கற்றுக்கொடுத்து சந்து சந்தாக வரைபடம் போட வைத்தார். அதிகாரியின் மேசையில் விரிக்க மக்களிடம் ஒரு காகிதம் வந்தது. நிலம் விழுங்குபவர்களுக்கு அது பிடிக்குமா? 2013 மார்ச் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

பல ஊர் பார்த்தால் ஒப்பிடலாம் என்பார்கள். சரிதான், ஒரு நல்ல கட்டுரை வரும். அந்தக் கட்டுரை லண்டனில் ஆங்கிலத்தில் இருக்கும். அளக்க வீட்டைத் திறந்துவிட்ட அம்மாவுக்கு அதில் ஒரு பக்கமாவது போய்ச் சேருமா?

ஆகவே தம்பி தங்கைகளே, ஊர்ப் பட்டியலை அடித்துவிட்டு ஒரே இடத்தை எழுதுங்கள், மழைக்காலத்தையும் சேர்த்து. வரைபடத்தின் நகல் அந்தச் சந்துக்காரர்களிடம், அவர்கள் மொழியில் இருக்கட்டும். பட்ஜெட்டில் விமான டிக்கெட்டுக்குக் கீழே, கூட வந்து அளக்கும் பகுதிப் பிள்ளைக்குத் தினக்கூலி என்று ஒரு வரி போடுங்கள். நடுவர் குழு அதை வெட்டினால் சொல்லுங்கள், அதற்குத் தனிப்பதிவே போடுகிறேன்.