வென்ற பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

வேற்றுக்கிரகவாசிகள் பூமியைப் பிடிக்க வரும் இளையோர் நாவல்களை நான் கடைசி ஐம்பது பக்கங்களை வைத்துத்தான் எடைபோடுவேன். தொடக்கம் எல்லோருக்குமே நன்றாக வந்துவிடுகிறது. வானத்தில் ஒரு கப்பல், அணைந்துபோன ஊர், கார்கள் அப்படியே நிற்கும் நெடுஞ்சாலை, முதுகுப்பையோடு தனியாக நடக்கும் பதினாறு வயதுப் பெண். தாய்க்கப்பல் வெடித்துச் சிதறிய மறுநாள் காலை அவள் எப்படிக் கண் விழிக்கிறாள் என்று எழுதத்தான் ஆள் குறைவு.

(பழைய புத்தகங்களின் முடிவுகளை இங்கே போட்டு உடைக்கப் போகிறேன். படிக்கும் எண்ணம் உள்ளவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.)

கே. ஏ. ஆப்பிள்கேட்டின் 'அனிமார்ஃப்ஸ்' 1996-ல் தொடங்கி 2001-ல் முடிந்தது. முதன்மை வரிசையில் மட்டும் 54 புத்தகங்கள். அட்டையில் ஒரு பிள்ளை படிப்படியாக விலங்காக மாறும் படம் இருக்கும். அதைப் பார்த்தே பல பெரியவர்கள் சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று தள்ளிவைத்திருப்பார்கள். உள்ளே இருப்பதோ வேறு. யீர்க் என்ற ஓடில்லா நத்தை மாதிரியான உயிரி காது வழியாகப் புகுந்து மூளையை எடுத்துக்கொள்ளும். பிடிபட்ட மனிதர் உள்ளே விழித்தபடியே இருப்பார். அவர் குரலில், அவர் சிரிப்போடு, யீர்க் பேசிக்கொண்டிருக்கும். விலங்குகளாக உருமாறி யீர்க்குகளை எதிர்க்கும் பிள்ளைகளில் ஒருவன் ஜேக். அவனுடைய அண்ணன் டாம் முதல் புத்தகத்திலேயே அப்படிப் பிடிபட்ட ஒருவன். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. தம்பிக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் முடியாது.

இந்தத் தொடரைப் பற்றிப் பேசுபவர்கள் பொதுவாகச் சண்டைக் காட்சிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியம் அதன் முடிவு. கடைசிப் போரில் ஜேக், எந்த உடலுக்குள்ளும் புகாமல் குளத்தில் கிடந்த யீர்க்குகளை விண்வெளியில் கொட்டிவிட உத்தரவிடுகிறான். எண்ணிக்கை 17,372. அவற்றுக்கு அந்த நேரத்தில் கையும் இல்லை, ஆயுதமும் இல்லை. அதே போரில், சொந்த அண்ணனைக் கொல்ல ஒன்றுவிட்ட சகோதரி ரேச்சலை அனுப்புகிறான். திரும்பி வரமாட்டாள் என்பது அனுப்புகிறவனுக்கும் தெரியும், போகிறவளுக்கும் தெரியும். டாம் சாகிறான், ரேச்சலும் சாகிறாள், பூமி பிழைக்கிறது. அதற்குப் பிறகு ஜேக் ஒரு நாயகனாக ஊர்வலம் போவதில்லை. உள்ளுக்குள் சுருண்டுவிடுகிறான். ரேச்சலை நேசித்த டோபியஸ் பருந்து உருவிலேயே மனிதர்களை விட்டு விலகிப்போகிறான்.

வாசகப் பிள்ளைகளுக்குக் கோபம் வந்தது. ஆப்பிள்கேட் அவர்களுக்கு ஒரு கடிதமே எழுத வேண்டியிருந்தது. போர்கள் சந்தோஷமாக முடிவதில்லை, போர்க் கதையை எழுதிவிட்டு வேறு மாதிரி முடிக்க என்னால் முடியாது என்பது அதன் சாரம். இத்தனை வருடம் கூடவே வந்த பிள்ளைகளிடம் பொய் சொல்ல மறுத்த எழுத்தாளர் என்று நான் அவரை மதிப்பது இதற்காகத்தான்.

இவற்றையெல்லாம் பிள்ளைகள் படிக்க வேண்டுமா, இவ்வளவு இருட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் பயப்படுவது எதிர்ப்பக்கத்தைப் பார்த்து. கொல்வதை ஒரு விளையாட்டு மாதிரி எழுதி, கடைசிப் பக்கத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் நாவல்தான் பதின்மூன்று வயதுக்குக் கெடுதல். இருநூறு பேரைச் சுட்ட பையன் மறுநாள் இயல்பாகச் சிரித்துப் பேசுகிறான் என்று நம்ப வைப்பதை நான் 'நம்பிக்கையூட்டும் முடிவு' என்று ஏற்கமாட்டேன்.

ரிக் யான்சியின் 'தி ஃபிஃப்த் வேவ்' (2013) இந்த விஷயத்தில் பாதி தூரம் மிகச் சரியாகப் போகிறது. எதிரிகள் அலை அலையாகத் தாக்குகிறார்கள். முதலில் மின்காந்தத் துடிப்பு, எல்லாக் கருவிகளும் செத்துப்போகின்றன. (இது முழுக்கக் கற்பனையும் இல்லை. 1962-ல் அமெரிக்கா பசிபிக்கின் மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடித்தபோது, வெகு தொலைவில் இருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன.) பிறகு கடல், பிறகு பறவைகள் பரப்பும் கொள்ளைநோய். ஆனால் குரூரம் ஐந்தாவது அலையில் இருக்கிறது. மிஞ்சிய பிள்ளைகளை ராணுவ முகாமில் சேர்த்து, கையில் துப்பாக்கி கொடுத்து, எதிரியை அடையாளம் காட்டும் என்று ஒரு கண்ணாடியையும் மாட்டி அனுப்புகிறார்கள். கண்ணாடி யாரைக் காட்டுகிறதோ அவரைச் சுட வேண்டும். சுடப்படுவது உயிர் பிழைத்த சாதாரண மனிதர்கள். அடுத்த கிரகத்திலிருந்து வந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளைப் படைக்கு எடுத்த எல்லாக் கூட்டமும் செய்தது இதுதான்.

இவ்வளவு தூரம் யோசித்த ஒருவர் இவான் வாக்கர் என்ற பாத்திரத்தை எதற்குப் படைத்தார் என்று எனக்குத் தாங்கவில்லை. நாயகி கேஸியின் காலில் சுட்டவன் அவன். பிறகு அவனே தூக்கிவந்து கட்டுப்போட்டு, அவள் டைரியையும் படித்துவிட்டு, காதலிக்கிறான். அவளும் காதலிக்கிறாள். யாரையும் நம்பாதே என்று நூறு பக்கம் சொன்ன புத்தகம், பையன் அழகாக இருந்தால் பரவாயில்லை என்று முடிவெடுத்த மாதிரி இருக்கிறது. 2016-ல் வந்த படத்தில் மிஞ்சியதும் பெரும்பாலும் இதுதான். மூன்றாவது புத்தகத்தில் கேஸி தன் உயிரைக் கொடுத்துத் தாய்க்கப்பலை அழிப்பதால் யான்சியை மன்னித்துவிட்டேன். முழுதாக அல்ல.

எதிரிகள் தண்ணீருக்காக வருகிறார்கள் என்று எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்கு அடியில் பூமியின் கடல்களைவிட அதிகத் தண்ணீர் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அங்கே எதிர்த்துச் சண்டைபோட யாரும் இல்லை. தயவுசெய்து வேறு காரணம் யோசியுங்கள்.

என் கணக்கில் இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் ஜான் கிறிஸ்டோபர். அவருடைய முக்காலி இயந்திரக் கதைகள் மூன்றும் 1967, 1968-ல் வந்தவை. மூன்று கால் இயந்திரங்களோடு வந்த வேற்றுக்கிரகவாசிகளிடம் பூமி தோற்றுப்போய் வெகுகாலம் ஆகிவிட்ட உலகம் அது. பதினான்கு வயதானால் தலையில் ஓர் உலோக வலையைப் பதிப்பார்கள். அதன் பிறகு சந்தேகமே எழாது. அது ஊர் கூடிக் கொண்டாடும் சடங்கு வேறு. வில் என்ற பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஓடுவதற்கு இருப்பது கொஞ்சக் காலம். அப்பா அம்மா கெட்டவர்கள் இல்லை, அன்பானவர்கள். அந்த அன்போடுதான் மகனின் தலையை நீட்டச் சொல்வார்கள். துப்பாக்கியோடு துரத்தும் எந்த எதிரியைவிடவும் இது என்னை அதிகம் பயமுறுத்தியது.

முடிவில் மனிதர்கள் ஜெயிக்கிறார்கள். எதிரிகளின் கடைசி நகரத்தைத் தகர்க்க வில்லின் ஒன்றுவிட்ட சகோதரன் ஹென்றி உயிரை விடுகிறான். அதன் பிறகு உலகத்தை ஒன்றாக்க ஒரு மாநாடு கூட்டுகிறார்கள். பெரியவர்கள் அங்கே நாடு நாடாகப் பிரிந்து சண்டைபோட்டுக் கலைகிறார்கள். எதிரி போன சூடு ஆறவில்லை, கொடிகள் வந்துவிட்டன! வில்லும் நண்பர்களும் தங்கள் சொந்த ஆசைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஒற்றுமைக்காக மறுபடி உழைக்க முடிவெடுப்பதோடு கதை நிற்கிறது. இளையோர் கதைக்கு 1968-லேயே இப்படி ஒரு முடிவு!

பிள்ளைகளுக்கு எதிலிருந்து ஆரம்பித்துக் கொடுக்கலாம் என்று கேட்டால் இந்த மூன்றைத்தான் சொல்வேன், வந்த வரிசையிலேயே. 1988-ல் அவர் ஒரு முன்கதையும் எழுதினார். அதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முக்காலிகள் எப்படி ஜெயித்தன என்ற மர்மம் அதில் அவிழ்கிறது, எல்லோரும் விரும்பிப் பார்த்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக.