விளக்கம் கேட்கும் கடிதத்திலேயே தீர்ப்பு

வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் யார் கையிலாவது கிடைத்தால் நிதானமாகப் படித்துப் பாருங்கள். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் அனுப்புவது அது. ‘உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ என்று விளக்கம் கேட்பதற்கான பிரிவு. விளக்கத்தை வாங்கிப் பரிசீலித்த பிறகுதான் 6-ஆம் பிரிவில் வெளியேற்றும் உத்தரவு போட முடியும். ஆனால் முதல் நோட்டீஸிலேயே பெறுநர் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆகிவிடுகிறார். தவறும் பட்சத்தில் என்னென்ன நடக்கும் என்பதும் கீழேயே இருக்கும். அப்புறம் விளக்கம் எதற்கு?

அரசுக் கடிதங்கள் அதட்டுகின்றன என்று பொதுவாகக் குறைப்படுகிறோம். சொற்களைப் பார்த்தால் அதட்டல் அவ்வளவாக இருக்காது. ‘தாங்கள்’ இருக்கும், ‘தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ இருக்கும். இல்லாதவை வேறு: முடிவெடுத்தவர் யார், எந்த விதியின்படி, என்ன காரணத்தால், ஒப்பவில்லையென்றால் அடுத்து யாரிடம் போவது. இந்த நாலையும் சொல்லாமல் விடுவதில்தான் அலட்சியம் இருக்கிறது. உனக்கு இவ்வளவு போதும் என்பதுதான் அதன் பொருள்.

பட்டா மாறுதல் மனுவையே எடுத்துக்கொள்வோம். ‘ஆவணங்கள் சரியாக இல்லாததால் தள்ளுபடி செய்யப்படுகிறது’ என்று ஒரு வரி வரும். எந்த ஆவணம், என்ன சரியில்லை? கிரயப் பத்திரத்தில் உள்ள பரப்பும் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் உள்ள பரப்பும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். விற்றவர் பெயரில் பட்டாவே இல்லாமல் இருக்கலாம். உட்பிரிவு செய்ய வேண்டிய இடத்துக்கு உட்பிரிவு இல்லாத மாறுதல் கேட்டிருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. எதுவென்று கோப்பில் எழுதியிருப்பார்கள், கடிதத்துக்கு மட்டும் அது வந்து சேராது. கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற வரியும் பல கடிதங்களில் இருப்பதில்லை.

எழுதுகிறவர் கெட்டவர் என்பதால் இப்படி நடப்பதில்லை. உதவியாளர் பழைய கோப்பிலிருந்து ஒரு வரைவை எடுத்து, பெயரையும் எண்ணையும் மாற்றி மேலே வைக்கிறார். மேலே இருப்பவர் திருத்துகிறார், அதற்கும் மேலே ஒப்பம் ஆகிறது. பெறுநர் இடத்தில் உங்கள் பெயர் இருந்தாலும் கடிதம் எழுதப்படுவது உங்களுக்கு அல்ல. நாளைக்குக் கோப்பைத் திறக்கப்போகும் தணிக்கைக்காரருக்கும் மேலதிகாரிக்கும்தான். காரணம் எழுதினால் கேள்வி வரும், எழுதாவிட்டால் வராது என்பது அலுவலக அனுபவம்.

சட்டப்படி பார்த்தால் அது தப்புக் கணக்கு. ஓர் உத்தரவு அதில் எழுதப்பட்ட காரணத்தைக் கொண்டே நிற்க வேண்டும், பிற்பாடு நீதிமன்றத்தில் புதுக் காரணம் சேர்த்து முட்டுக்கொடுக்க முடியாது என்று 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு கிடைத்த 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு என்று தமிழ்நாட்டிலேயே 2015-இல் அரசாணை 99 இருக்கிறது.

தகவல் உரிமைச் சட்டப் பதில்கள் தனி ரகம். ‘கோரிய தகவல் 2(எஃப்)-இன் கீழ் வராது’ என்பதோடு முடிந்துவிடும்; ‘தகவல்’ என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு அது. 7(8) பிரிவின்படி மறுப்புக் கடிதத்தில் காரணம், மேல்முறையீட்டுக்கான காலக்கெடு, மேல்முறையீட்டு அலுவலரின் விவரம் மூன்றும் இருந்தாக வேண்டும். ‘எதற்காகக் கேட்கிறீர்கள்?’ என்று எழுதினால் 6(2)-ஐச் சுட்டிக்காட்டுங்கள். காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. ‘எங்கள் அலுவலகம் தொடர்பானதல்ல’ என்றால் 6(3)-இன்படி உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அனுப்பிவைத்திருக்க வேண்டியவர்கள் அவர்களே. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு தகவல் அலுவலருடையது, உங்களுடையதல்ல: 19(5).

எந்தக் கடிதமானாலும் முதலில் உறையைத் தூக்கி எறியாதீர்கள். 3-ஆம் தேதியிட்ட கடிதம் 14-ஆம் தேதி அஞ்சலில் சேர்ந்திருக்கும், கெடுவோ ‘7 தினங்களுக்குள்’ என்றிருக்கும். முத்திரைத் தேதிதான் சாட்சி. கிடைத்த நாளைக் கடிதத்தின் மேலேயே எழுதி வையுங்கள். கடிதத்தின் கோப்பு எண்ணான ந.க. எண்ணின் கடைசியில் ‘அ2’, ‘இ4’ என்றிருப்பது பிரிவும் இருக்கையும். நேரில் போனால் அந்த மேசையைக் கேட்டால் அலைச்சல் மிச்சம்.

பதிலில் அந்த எண்ணையும் நாளையும் ‘பார்வை’யில் போட்டு, விடுபட்டதை மட்டும் கேளுங்கள்: எந்த விதி, என்ன காரணம், மேல்முறையீடு யாரிடம். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். ‘அய்யா அவர்கள் சமூகத்துக்குப் பணிந்து’ என்று மனு எழுதித் தருபவர் ஆரம்பித்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தக் கும்பிடும் இந்த அலட்சியமும் ஒரே காலத்துச் சரக்கு. அதற்காகத் திட்டியும் எழுத வேண்டாம், கோப்பில் அந்தத் திட்டு மட்டும்தான் மேலே தெரியும். பதிவு அஞ்சலை 2025-இல் விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் கேட்டு வாங்கிக் கடித நகலோடு பின் பண்ணி வையுங்கள்.