சுவரை உடைக்கும் முன் தரையைப் பாருங்கள்
பழைய ஜப்பானிய வீட்டில் குளிரைத் தடுக்க முதலில் சுவரை உடைத்து உள்ளே கண்ணாடிப் பஞ்சு அடைக்க வேண்டும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜப்பானின் குளிர்ப் பகுதியான நாகானோவில் 1960களில் கட்டிய மர வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். இங்கே உடம்பை நடுக்குவது தரையும் ஜன்னலும்தான். தரையில் விரித்திருக்கும் தடித்த ததாமி பாயைத் தூக்கிப் பாருங்கள்: கீழே வெறும் பலகை, பலகைகளுக்கு நடுவே இடுக்கு, அதற்கும் கீழே திறந்த மண். அந்த இடுக்கில் கையை வைத்தால் காற்று சில்லென்று அடிக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டு, பலகைகளைக் கழற்றி, குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே பாலிஸ்டைரீன் (தெர்மோகோல் வகை) அட்டையை இறுக்கமாக வெட்டிப் பொருத்தினோம். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களுக்கு உள்பக்கம் இரட்டை அடுக்கு பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு. இரண்டுக்கும் வேண்டியதெல்லாம் ஹோம் சென்டர் என்ற வீட்டுப் பொருள் கடையிலேயே கிடைக்கும். ஆள் கூலி கிடையாது. சொந்த வீட்டுக்காரர்கள் உள்பக்கம் இரண்டாவதாகப் பொருத்தும் ஜன்னலுக்கான அரசு மானியத்தையும் விசாரிக்கலாம், 2023இல் பெரிய அளவில் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் தரைக்கு அடியில் இருக்கும் காற்றுத் துளைகளையும் அடைத்துவிடச் சொல்கிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கட்டை உளுத்துப்போகும், கரையானும் வரும். அப்புறம், புகைக்குழாய் இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டர்: ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகி நீராவியாக அறைக்குள்ளேயே சேரும். இடுக்குகளை அடைத்த வீட்டில் அது ஜன்னலில் வழியும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. எவ்வளவு குளிரடித்தாலும் மணிக்கு ஓரிரு முறையாவது ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.