மனுஷனா வந்தது எதுக்கு?

பாஸ்டர், இயேசு மனுஷனா பிறந்ததே சிலுவையில பலியாகத்தான்னு உங்க கட்டுரைல முடிச்சிட்டீங்க, உண்மைதான் ஆனா அது பாதிதாங்க. 2ஆம் நூற்றாண்டுலயே லியோன் பிஷப் ஐரேனியஸ், நம்மள அவரை மாதிரி ஆக்கத்தான் அவர் நம்மள மாதிரி ஆனார்னு எழுதிட்டாரு. 4ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியஸ் சொல்றது எனக்கு ரொம்ப பிடிக்கும், ராஜா ஒரு ஊருக்குள்ள வந்து ஏதோ ஒரு வீட்ல தங்கினாலே ஊருக்கே மதிப்பு வந்துரும், எதிரி கிட்ட வரமாட்டான், அப்படித்தான் அவர் ஒரு உடம்புல வந்ததும் மனுஷ குலத்து மேல சாவோட பிடி விட்டுப்போச்சுங்கறார். மகன் கடவுளால படைக்கப்பட்டவர்னு போதிச்ச ஏரியஸை அத்தனாசியஸ் விடாம எதிர்த்ததும் இதுக்காகத்தான், மகனும் ஒரு படைப்புதான்னா கடவுளோட ஜீவன்ல நமக்கு எப்படி பங்கு கிடைக்கும்? ஏரியஸ் போதனையை தள்ளின 325 நிசேயா திருச்சபை மாநாட்டோட சண்டை ஓயல, பிறகு 5 தடவை அத்தனாசியஸை நாடு கடத்தினாங்க. நாமளே கடவுள் ஆயிடுவோம்னு பயப்பட வேணாம், கடவுளோட சுபாவத்துல நமக்கு கிடைக்கும்னு 2 பேதுரு 1:4 சொல்ற பங்கு கிருபையால வர்றது. கிறிஸ்துமஸ் பிரசங்கத்துல இதையும் சொல்லுங்க பாஸ்டர்